வீட்டுக்குள்ளேயே ஆபீஸ்.. லேப்டாப்புக்கு காவல் யார்? பயந்து மறைத்தால் வேலைக்கே ஆபத்து!

தென்காசி:

வாசலில் கோலம்.. திண்ணையில் தாத்தா.. உள் அறையில் காதில் ஹெட்போனோடு அமெரிக்க வாடிக்கையாளரிடம் பேசிக் கொண்டிருக்கும் மகள். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை பக்கம் இந்த காட்சி இப்போது யாருக்கும் புதுசு இல்லை. 'ஒர்க் பிரம் ஹோம்' என்றால் என்ன என்று கேட்ட ஊரில், இன்று பாட்டிகளே "சத்தம் போடாதீங்க, பிள்ளைக்கு மீட்டிங்" என்று பேரன்களை அதட்டுகிறார்கள்.

வீட்டு வாடகை மிச்சம், ஓட்டல் சாப்பாடு மிச்சம், பஸ் செலவு மிச்சம். எல்லாம் சரி. ஆனால் அந்த லேப்டாப்புக்குள் இருப்பது யாரோ ஒருவருடைய பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரி பைல், சம்பள விவரம். சென்னையில் ஆபீசில் இருந்தால் வாசலில் செக்யூரிட்டி, உள்ளே கேமரா, மேலே கம்ப்யூட்டர் பிரிவு. வீட்டில்? கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்தான்!

அந்த ஓட்டை வழியாக திருடன் புகுந்தால் யார் பொறுப்பு? கம்பெனியா, ஊழியரா? இதுதான் இப்போது எழுந்திருக்கும் கேள்வி. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கொரோனா திறந்து விட்ட கதவு

வீட்டில் இருந்து வேலை பார்ப்பது கொரோனாவுக்கு முன்பும் இருந்தது. ஆனால் கால்சென்டர், பி.பி.ஓ. ஊழியர்களுக்கு அது சுலபம் இல்லை. மத்திய தொலைத்தொடர்பு துறையில் பதிவு, டெபாசிட், ஒப்பந்தம் என்று ஏகப்பட்ட கெடுபிடி.

2020 மார்ச் மாதம் கொரோனா பரவியதும் அந்த கெடுபிடிகள் தற்காலிகமாக தளர்த்தப்பட்டன. மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு. கம்பெனிகள் கம்ப்யூட்டர்களை கார், வேன் வைத்து ஊழியர்களின் வீட்டுக்கே அனுப்பின. 2020 நவம்பர் 5-ந் தேதி விதிகளையே மாற்றி விட்டது தொலைத்தொடர்பு துறை. வீட்டில் மட்டும் அல்ல, எங்கே இருந்தும் வேலை பார்க்கலாம் என்றாகி விட்டது.

அதன்பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. டி.சி.எஸ். போன்ற பெரிய நிறுவனங்கள் 2023 அக்டோபரில் ஊழியர்களை மறுபடி ஆபீசுக்கு அழைத்தன. பல கம்பெனிகள் வாரம் 2 நாள், 3 நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு என்று பாதியாக பிரித்துக் கொண்டன.

இன்னொரு பக்கம் ஆபீசே ஊரைத் தேடி வந்தது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோகோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்து விட்டது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் 2024-ம் ஆண்டு மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன.

ஆக, ஆபீஸ் என்பது 4 சுவர் என்ற காலம் போச்சு. லேப்டாப் எங்கே இருக்கிறதோ அதுதான் ஆபீஸ். திருடனுக்கும் இது நன்றாகத் தெரியும்.

வி.பி.என். என்னும் சுரங்கப்பாதை

வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்கள் காலையில் முதலில் செய்வது 'வி.பி.என்.' போடுவது. அது என்ன?

வீட்டு இன்டர்நெட் என்பது பஜார் தெரு மாதிரி. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். வி.பி.என். என்பது அந்த தெருவுக்கு அடியில் வீட்டில் இருந்து ஆபீஸ் வரை தோண்டப்பட்ட தனி சுரங்கப்பாதை. அதில் போகும் தகவல்கள் பூட்டிய பெட்டியில் போகும். வெளியில் இருப்பவனுக்கு பெட்டி போவது தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். சுரங்கத்தின் ஒரு வாசல் ஆபீசில், இன்னொரு வாசல் வீட்டில். வீட்டு வாசல் சாவி திருடனிடம் சிக்கினால், அவன் நேராக ஆபீசுக்குள் போய் நிற்பான்! வாசலில் வாட்ச்மேன் கூட கேட்க மாட்டார்.

அதனால்தான் இரட்டை பூட்டு. பாஸ்வேர்டு ஒரு பூட்டு. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. அல்லது 'ஆம் நான்தான்' என்று அழுத்தும் பட்டன் இரண்டாவது பூட்டு. இப்போது பல கம்பெனிகள் ஒரு படி மேலே போய், சுரங்கத்துக்குள் வந்தவனையும் நம்புவது இல்லை. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக அடையாளம் கேட்கிறார்கள். எந்த லேப்டாப், எந்த ஊர், என்ன நேரம் என்று பார்த்துதான் கதவு திறக்கிறது.

உலகத்தையே கலக்கிய 4 சம்பவங்கள்

'இதெல்லாம் நம்மகிட்ட நடக்காது' என்று நினைத்த பெரிய பெரிய கம்பெனிகளே ஏமாந்து நின்றன.

2020 ஜூலை 15: ட்விட்டர் (இப்போது எக்ஸ்) நிறுவன ஊழியர்கள் வீட்டில் இருந்து வேலை பார்த்த நேரம். மர்ம ஆசாமிகள் அவர்களுக்கு போன் போட்டு, "கம்பெனி ஐ.டி. பிரிவில் இருந்து பேசுறோம். உங்க வி.பி.என்.-ல பிரச்சினை" என்றனர். அப்போது எல்லாருக்குமே வி.பி.என். பிரச்சினை இருந்ததால் நம்பி விட்டனர். போலி பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டனர். அவ்வளவுதான். 130 பிரபலங்கள், நிறுவனங்களின் கணக்குகளுக்கு குறி வைத்து, அவர்கள் பெயரில் பிட்காயின் மோசடி நடந்தது. மூளையாக இருந்தவன் யார் தெரியுமா? அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த 17 வயது பையன்!

2021 மே: அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு, அதற்கு இரட்டை பூட்டு கிடையாது. அதன் பாஸ்வேர்டு சிக்கியதும் உள்ளே புகுந்து விட்டனர். குழாய்களை மூட வேண்டிய நிலை. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தது கம்பெனி. அதில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு பின்னர் மீட்டது.

2022: லாஸ்ட்பாஸ். பாஸ்வேர்டுகளை பத்திரமாக வைத்துக் கொடுப்பதே இந்த கம்பெனியின் தொழில். முக்கியமான சாவி 4 என்ஜினீயர்களிடம் மட்டும்தான் இருந்தது. அதில் ஒருவருடைய வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த, படம், பாட்டுக்கான சாப்ட்வேரில் ஓட்டை. அதன் வழியாக, தட்டும் எழுத்துகளை எல்லாம் பதிவு செய்யும் உளவு புரோகிராமை ஏற்றி விட்டனர். என்ஜினீயர் பாஸ்வேர்டு அடித்ததும் அது திருடன் கைக்கு போனது.

2022 செப்டம்பர்: ஊபர். ஒரு ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டு திருடன் கையில். ஆனால் இரண்டாவது பூட்டு இருந்தது. திருடன் சளைக்கவில்லை. திரும்பத் திரும்ப முயற்சி செய்தான். ஊழியரின் செல்போனில் 'அனுமதிக்கவா?' என்று மாறி மாறி கேட்டுக் கொண்டே இருந்தது. முதலில் மறுத்தவர், ஒரு கட்டத்தில் அனுமதித்து விட்டார். கதவு திறந்தது.

இந்த நான்கிலும் ஒன்றை கவனிக்கலாம். யாரும் சினிமாவில் வருவது போல மாயாஜாலம் செய்யவில்லை. ஒரு போன் கால், ஒரு பழைய கணக்கு, ஒரு வீட்டு கம்ப்யூட்டர், ஒரு எரிச்சல். அவ்வளவுதான் முதலீடு!

நம்ம வீட்டில் ஓட்டை எங்கே?

அமெரிக்கா கதை இருக்கட்டும். நம்ம தெருவில் என்ன நடக்கிறது?

முதல் ஓட்டை வைபை பெட்டி. கனெக்ஷன் கொடுக்க வந்த பையன் வைத்த பாஸ்வேர்டே 5 வருஷமாக ஓடுகிறது. பெரும்பாலும் அது வீட்டு செல்போன் நம்பர். பக்கத்து வீட்டு பையனுக்கும் தெரியும், மாடியில் குடியிருந்து காலி செய்து போனவருக்கும் தெரியும். வைபை பாஸ்வேர்டு வேறு, அந்த பெட்டியின் உள்ளே போகும் பாஸ்வேர்டு வேறு என்பதே பலருக்கு தெரியாது. அது கம்பெனியில் இருந்து வந்தபடியே கிடக்கும்.

இரண்டாவது, ஒரே லேப்டாப். பகலில் அப்பாவின் ஆபீஸ், சாயங்காலம் மகனின் கேம், ராத்திரி ஓசி சினிமா. இலவச கேம், திருட்டு சினிமா தளங்களோடு சேர்ந்து வைரசும் வரும்.

மூன்றாவது, கடையில் போட்டுக் கொடுத்த ஓசி விண்டோஸ். காசு மிச்சம்தான். ஆனால் அதை திறக்க போட்ட 'கிராக்' புரோகிராமுக்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. போதாக்குறைக்கு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தி விட்டது. கூடுதல் அவகாசத்துக்கு தனியாக பதிவு செய்யாத கம்ப்யூட்டர்களுக்கு பாதுகாப்பு அப்டேட் வராது. கூரை ஓட்டையை அடைக்க ஆள் வராத வீடு மாதிரி.

நான்காவது, ஜெராக்ஸ் கடை. வீட்டில் பிரிண்டர் இல்லை. ஆபீஸ் பைலை கடைக்காரரின் வாட்ஸ்-அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறார்கள். பிரிண்ட் கைக்கு வந்து விடும், பைல் கடை கம்ப்யூட்டரிலேயே தங்கி விடும். வாடிக்கையாளரின் ஆதார், பான் கார்டு எல்லாம் கடை போல்டரில் கிடக்கும்.

ஐந்தாவது, கரண்ட் கட். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போனால், டெட்லைன் பயத்தில் பக்கத்து கடை வைபை, பஸ் நிலைய இலவச வைபை என்று கிடைத்ததை பிடிக்கிறார்கள். செல்போன் ஹாட்ஸ்பாட் இதைவிட எவ்வளவோ மேல்.

ஆறாவது, காது. ஓட்டு வீட்டில் அறைக்கு அறை பேச்சு கேட்கும். வாடிக்கையாளரின் பெயர், கார்டு நம்பரை சத்தமாக திருப்பிச் சொன்னால் திண்ணையில் இருப்பவர் வரை கேட்கும். கல்யாண வீட்டில், ரெயிலில் லேப்டாப்பை திறந்தால் பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து படிப்பார்.

ஆடிட்டர் ஆபீசும் தப்பவில்லை

இது ஐ.டி. கம்பெனி பிரச்சினை மட்டும் இல்லை. ஆடிட்டர் ஆபீஸ், மொத்த வியாபார கடை, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் கணக்கு எழுதுபவர் இப்போது வீட்டில் இருந்தும் பார்க்கிறார். கடை கம்ப்யூட்டரில் 'எனிடெஸ்க்' மாதிரி ஒரு சாப்ட்வேரை போட்டு வைத்து, வீட்டில் இருந்து டேலியை திறக்கிறார்.

வசதிதான். ஆனால் அந்த இணைப்புக்கு எளிதான பாஸ்வேர்டு வைத்தால், கடையின் கணக்கு பெட்டியை ராத்திரி முழுக்க திறந்து போட்ட மாதிரி. திருடன் உள்ளே வந்து எல்லா பைலையும் பூட்டி விட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்பான். அதற்கு பேக்கப் ஒன்றுதான் மருந்து. அதுவும் அதே கம்ப்யூட்டரில் வைத்த பேக்கப் என்றால் அதையும் சேர்த்து பூட்டி விடுவான். தனி ஹார்டுடிஸ்கில் எடுத்து, கழற்றி பீரோவில் வைக்க வேண்டும்.

பேங்க் ஆபீசர் மாதிரி பேசி எனிடெஸ்க் போட வைத்து பணத்தை சுருட்டும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. சாப்ட்வேர் மேல் தப்பு இல்லை. யாருக்கு கதவு திறக்கிறோம் என்பதில்தான் தப்பு.

வேலை தேடுபவர்களுக்கும் வலை

வேலையில் இருப்பவர் கதை இது என்றால், வேலை தேடுபவர் கதை இன்னும் பரிதாபம். "வீட்டில் இருந்தே மாதம் ரூ.30 ஆயிரம்.. லைக் போட்டால் போதும்" என்று டெலிகிராமில் வலை விரிக்கிறார்கள். முதலில் ரூ.150, ரூ.200 என்று உண்மையாகவே பணம் வரும். நம்பிக்கை வந்ததும் 'டெபாசிட் கட்டு' என்பார்கள். கட்டியது திரும்பாது.

இதே பாணியில் பகுதி நேர வேலை மோசடி செய்த 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய உள்துறை 2023 டிசம்பரில் முடக்கியது. தலை வெட்டினால் இன்னொரு தலை முளைக்கிறது.

இன்னொரு ரகம், "உங்க பேங்க் கணக்கை கொடுங்க, கமிஷன் தர்றோம்" என்பது. அந்த கணக்கு வழியாக மோசடி பணம் போனால் போலீசார் முதலில் தட்டுவது கணக்கு வைத்திருப்பவர் வீட்டு கதவைத்தான். உண்மையான கம்பெனி எதுவும் வேலை கொடுக்க பணம் கேட்காது.

கம்பெனிகளும் ஏமாறத்தான் செய்கின்றன. வடகொரியாவைச் சேர்ந்தவர்கள் அமெரிக்கர் போல நடித்து, 300-க்கும் மேற்பட்ட அமெரிக்க கம்பெனிகளில் வீட்டில் இருந்து வேலை பார்த்தனர். அவர்களுக்காக தன் வீட்டில் லேப்டாப்புகளை அடுக்கி வைத்து ஓட்டிய அரிசோனா மாநில பெண்ணுக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஊழியர்களிடம் திடீர் திடீரென்று கேமராவை போடச் சொல்வதற்கும், லேப்டாப் இருக்கும் இடத்தை பார்ப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

எது கண்காணிப்பு, எது அத்துமீறல்?

கேமராவிலும் ஒரு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. ஒரே அறை உள்ள வீட்டில் குழந்தை தூங்குவதும் அங்கேதான், அம்மா துணி மடிப்பதும் அங்கேதான். அங்கே 8 மணி நேரம் கேமராவை திறந்து வை என்றால் கண்காணிக்கப்படுவது ஊழியர் மட்டும் அல்ல, குடும்பமே. பெண் ஊழியர்களுக்கு இது பெரும் சங்கடம்.

கம்பெனி லேப்டாப்பில் பென்டிரைவ் வேலை செய்யாமல் பூட்டலாம். தொலைந்து போனால் தூரத்தில் இருந்தே அழிக்கலாம். இதெல்லாம் நியாயம். ஆனால் ஊழியரின் சொந்த செல்போனில் கம்பெனி ஆப் போடச் சொல்லும்போது, அது எதை பார்க்கும், வேலையை விட்டுப் போகும்போது எதை அழிக்கும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். குழந்தையின் பிறந்தநாள் போட்டோவும் சேர்ந்து அழிந்தால் யாரிடம் கேட்பது?

சொந்த லேப்டாப்பில் வேலை பார் என்று சொல்லி செலவை மிச்சம் பிடிக்கும் கம்பெனிகள், தகவல் கசிந்ததும் ஊழியர் மேல் பாய்வது எந்த ஊர் நியாயம்?

6 மணி நேரம்தான் கெடு

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய கம்ப்யூட்டர் அவசர நடவடிக்கை குழுவான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28-ந் தேதி ஒரு உத்தரவு போட்டது. தகவல் திருட்டு, வைரஸ் தாக்குதல் போன்றவை தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தகவல் தர வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம். தகவலை பாதுகாக்க தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கிய பிரிவுகளுக்கு தயாராக 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டுள்ளது.

கவனிக்க வேண்டியது, இந்த அபராதம் கம்பெனிக்கு. தெரியாமல் ஒரு லிங்க்கை அழுத்திய ஊழியருக்கு அல்ல. அதே நேரம், வேலை ஒப்பந்தத்தில் கிடைத்த தனிநபர் தகவலை வேண்டுமென்றே வெளியே கொடுத்தால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தவறி விழுவது வேறு, தள்ளி விடுவது வேறு.

மறைப்பதுதான் பெரிய ஓட்டை

இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஆபீசில் கம்ப்யூட்டர் ஏதோ மாதிரி ஆனால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்கலாம். வீட்டில் தனியாக இருப்பவர் என்ன செய்வார்? லிங்க்கை அழுத்தி விட்டோம் என்று தெரிந்ததும் கை நடுங்கும். 'சொன்னா வேலை போயிடுமே.. வீட்டு லோன் என்ன ஆகும்' என்று பயம் வரும். லேப்டாப்பை ஆப் செய்து ஆன் செய்து பார்ப்பார். ஒன்றும் ஆகவில்லை போல தெரியும். சும்மா இருந்து விடுவார்.

அந்த மவுனம்தான் திருடனுக்கு வேண்டியது. உடனே சொன்னால் ஒரு கணக்கை முடக்கி, பாஸ்வேர்டை மாற்றி முடித்து விடலாம். 2 நாள் கழித்து தெரிந்தால் மொத்த கம்பெனியையும் கழுவ வேண்டியிருக்கும். அப்போது பதிவுகளை பார்த்து ஆளை கண்டுபிடிப்பார்கள். முதல் நாள் சொல்லி இருந்தால் கண்டிப்போடு போயிருக்கும் விஷயம், மறைத்ததால் வேலைக்கே உலை வைக்கும்.

இதற்கு ஊழியரை மட்டும் குறை சொல்ல முடியாது. லிங்க்கை அழுத்தியவரை எல்லார் முன்னாலும் திட்டும் மேனேஜர் இருக்கும் இடத்தில், அடுத்தவர் எப்படி வாயை திறப்பார்? 'தப்பு நடந்தா உடனே சொல்லுங்க, தண்டனை கிடையாது' என்று கம்பெனி முதலிலேயே சொல்லி, ராத்திரியிலும் எடுக்கும் ஒரு போன் நம்பரை கொடுக்க வேண்டும். எந்த சாப்ட்வேரையும் விட அந்த நம்பர் பெரிய பாதுகாப்பு.

செய்ய வேண்டியது என்ன?

* வைபை பாஸ்வேர்டு, வைபை பெட்டியின் உள் பாஸ்வேர்டு இரண்டையும் இன்றே மாற்ற வேண்டும்.

* ஆபீஸ் லேப்டாப்பை பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது. சொந்த லேப்டாப் என்றால் வேலைக்கு தனி கணக்கு வைக்க வேண்டும்.

* ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. இரட்டை பூட்டு கட்டாயம்.

* கேட்காமலே செல்போனில் 'அனுமதிக்கவா?' என்று வந்தால் 'இல்லை' என்று அழுத்தி விட்டு, உடனே கம்பெனிக்கு சொல்ல வேண்டும்.

* 'ஐ.டி. பிரிவு' என்று யார் பேசினாலும் போனை வைத்து விட்டு, கம்பெனி கொடுத்த நம்பருக்கு நாமே திருப்பி அழைக்க வேண்டும்.

* வாடிக்கையாளர் பைல் எதையும் ஜெராக்ஸ் கடை வாட்ஸ்-அப்புக்கு அனுப்பக்கூடாது.

* வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே கம்பெனி மூட வேண்டும்.

* பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். தாமதம் ஆக ஆக பணத்தை தடுத்து நிறுத்துவது கஷ்டம்.

சொந்த ஊரில் இருந்து, அம்மா கையால் சாப்பிட்டு, கை நிறைய சம்பளம் வாங்குவது என்பது ஒரு தலைமுறைக்கு முன்பு கனவு. பெண்ணை வெளியூர் அனுப்ப யோசிக்கும் வீட்டிலும் இன்று அவள் சம்பளம் வாங்குகிறாள் என்றால் அந்த லேப்டாப்தான் காரணம். நாளைக்கு 'கிராமத்து வீட்டில் பாதுகாப்பு இல்லை' என்று கம்பெனிகள் கதவை சாத்தினால் முதலில் அடிபடுவது அந்த பெண்கள்தான். வைபை பாஸ்வேர்டை மாற்ற ஆகும் நேரம் 5 நிமிடம் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.